மூன்று பூட்டுகளின் உச்சி மாநாடு

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏமாற்றிவிட்டாள் என்று பிறகு யாரும் சொல்லக் கூடாது. என்னிடம் யாரும் கதை கேட்கவில்லை. வார இதழின் ஆசிரியர் போன் செய்து கேட்டது ஒரு கட்டுரை. "தலைவர்கள் எப்படியெல்லாம் ஒண்ணு கூடுறாங்கன்னு எழுதுங்க. அரசாங்கத்துல ஆரம்பிச்சு தொழிற்சங்கத்துல முடிங்க. பள்ளிக்கூடப் பிள்ளைங்களுக்கும் புரியணும்" என்றார். பாதிப் பக்கத்தைப் படத்துக்கு ஒதுக்கியிருப்பதாகவும் சொன்னார். அந்தப் படத்தில் இரண்டு பேர் கை குலுக்கிக்கொண்டு நிற்பார்கள் என்று கேட்காமலே எனக்குத் தெரியும். சரி என்றேன். பொது அறிவுக் கட்டுரை எழுதி வயிறு வளர்க்கிறவள் வேறென்ன சொல்வாள்?

உட்கார்ந்து எழுதினேன்:

மனித இனம் தோன்றிய காலந்தொட்டே தலைவர்கள் ஒன்றுகூடுவது என்பது

இதற்கு மேல் பேனா நகரவில்லை. அந்தக் காலத்தில் நான் அங்கே இல்லை. இருந்தவர்கள் யாரும் என்னிடம் வந்து சொல்லவும் இல்லை. [ஆசிரியருக்கு: இந்த வரி உங்களுக்குப் பிடிக்கும் என்று தெரியும். முடிக்காமல் அப்படியே விட்டிருக்கிறேன். வேண்டுமானால் நீங்களே முடித்துக்கொள்ளுங்கள்.]

இரண்டாவது தொடக்கம்:

அரசுத் தலைவர்கள் கூடும்போது முதலில் கூடுவது அவர்களுடைய நாற்காலிகள்.

இது தேவலை. இதைப் பிடித்துக்கொண்டு மளமளவென்று ஒரு பக்கம் எழுதினேன். தலைவர்கள் வருவதற்கு வெகு நாள் முன்பே அதிகாரிகள் வந்துவிடுவார்கள். மேசை வட்டமா, நீளமா? இரண்டு பேருக்கும் பொதுவான ஊர் எது? யாருடைய கார் முதலில் வாசலில் வந்து நிற்பது? கூட்டம் முடிந்ததும் வெளியிட வேண்டிய கூட்டறிக்கை, கூட்டம் தொடங்கும் முன்பே முக்கால்வாசி எழுதப்பட்டிருக்கும். தலைவர்கள் வந்து பாக்கிக் கால்வாசிக்குச் சண்டை போட்டுவிட்டு, வரிசையாக நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். நாடுகளின் கூட்டமைப்பு என்றால் சிலவற்றில் தலைமைப் பதவி முறை வைத்துச் சுற்றி வரும், வீட்டில் பாத்திரம் கழுவும் முறை சுற்றி வருவதைப் போல. நகர மேயர்கள் கூடினால் குப்பையைப் பற்றிப் பேசுவார்கள். அடுத்து, தொழிற்சங்கங்கள்.

இங்கே மறுபடி நின்றுவிட்டது. தொழிற்சங்கத் தலைவர் என்று எனக்குத் தெரிந்தவர் ஒரே ஒருவர்தான். அவர் அப்போது என் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து, நான் மடித்து வைத்திருந்த துணிகளை எல்லாம் உதறி மறுபடியும் மடித்துக்கொண்டிருந்தார்.

2

என் அண்ணி ஒரு பெரிய சலவை ஆலையில் வேலை பார்க்கிறார். ஆஸ்பத்திரிகளின் படுக்கை விரிப்பு, போர்வை, அறுவை அறைத் துணி எல்லாம் அங்கே வந்து சலவையாகித் திரும்பிப் போகும். அண்ணி மடிப்புப் பிரிவுச் சங்கத்தின் தலைவி. ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்கு வந்தால், தேநீர் குடித்த கையோடு என் அலமாரியைத் திறந்துவிடுவார். "பாப்பா, இதுக்குப் பேரு மடிப்பா? இது சுருட்டல்" என்பார். எனக்குத் தலை நரைத்துவிட்டது. அவருக்கு நான் இன்னும் பாப்பாதான். அண்ணனைக் கட்டிக்கொண்டு அவர் எங்கள் வீட்டுக்கு வந்தபோது நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தேன். அவர் மனதில் நான் அதற்கப்புறம் வளரவில்லை.

எழுதிய பக்கத்தைப் படிக்கக் கொடுத்தேன். ஒரு தலையணை உறையை மடியில் வைத்துக்கொண்டு கடைசி வரை படித்தார்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா இதுல ஒரு ஆளைக்கூடக் காணோமே. பூரா நாற்காலியா இருக்கு."

"சரி, உங்க ஆலையில தலைவருங்க எல்லாம் எப்படிக் கூடுவீங்க?"

"கூடுறதா? நாங்களா?" அண்ணி சிரித்தார். "கொஞ்ச நாள் முன்னாடி வரைக்கும் நாங்க மூணு சங்கத் தலைவருங்களும் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் நேராப் பாத்ததே இல்ல."

"அப்புறம்?"

"அப்புறம், எங்க பூட்டுங்கதான் முதல்ல கூடுச்சு."

கட்டுரை அந்த நிமிஷமே போய்ச் சேர்ந்தது. நான் புதுத் தாளை எடுப்பதைப் பார்த்ததும் அண்ணி விரலை நீட்டினார். "எழுது. ஆனா என்னை ரொம்ப நல்லவளாக் காட்டாதே. எங்க பிரிவுல எல்லாரும் சிரிப்பாங்க."

(அண்ணியிடம் மைக்கைக் கொடுத்தால் திருப்பி வாங்க முடியாது. தான் சொன்ன யோசனையை இன்னொருவர் சொன்னதாக யாராவது சொன்னால் இரண்டு நாள் பேச மாட்டார். இந்த இரண்டு வரியும் அவர் கேட்டுக்கொண்டதற்காகச் சேர்த்தவை. பொய்யில்லை.)

3

கதைக்குள் போகும் முன் ஒரு இயந்திரத்தைப் பார்த்துவிடுங்கள். ஈர விரிப்பை ஒரு முனையில் கொடுத்தால், அது சூடான பெரிய உருளைகளுக்கு நடுவே போய், மறுமுனையில் காய்ந்து இஸ்திரி போட்டபடி வெளியே வரும். உருளைக்கு முன்னால், துணி கொடுக்கிறவரின் விரல்களுக்கு நேராக, ஒரு நீளக் கம்பி உண்டு. கை தப்பித்தவறி முன்னே போனால் முதலில் கம்பியில் படும். பட்டதும் உருளை நின்றுவிடும். அவ்வளவுதான் அந்தக் கம்பியின் வேலை.

ஆனால் கனமான போர்வை இடித்தாலும் உருளை நின்றுவிடும். நின்று நின்று ஓடினால் துணி தேங்கும், வேன் கிளம்ப நேரமாகும், ஆஸ்பத்திரியிலிருந்து திட்டு வரும். யாரோ ஒருவர் ஒரு துணிப்பட்டையை எடுத்துக் கம்பியைத் தூக்கிக் கட்டிவிட்டார். யார் கட்டியது என்று கேட்டால் ஆலையில் ஒருவருக்கும் தெரியாது. அவிழ்க்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். அவிழ்த்தவர் தலையில்தான் எல்லாம் விடியும் என்பதும் தெரியும்.

மடிப்புப் பிரிவில் ஒருத்தி, எதற்கெடுத்தாலும் சிரிப்பாள். அவளைச் 'சிரிப்பு' என்றே கூப்பிடுவார்கள். ஒரு நாள் காலையில் சிரிப்பின் வலது கை விரல்கள் விரிப்போடு சேர்ந்து உள்ளே போய்விட்டன. பக்கத்தில் நின்றவள் சுவிட்சை அணைத்ததால் கை பிழைத்தது. விரல்கள் வெந்துவிட்டன.

[இந்த இடத்தை முதலில் ஒரு பக்கத்துக்கு எழுதியிருந்தேன். அண்ணி படித்துவிட்டு அந்தத் தாளை நாலாக மடித்து என்னிடமே கொடுத்தார். "அவ இதப் படிப்பா பாப்பா" என்றார். எடுத்துவிட்டேன்.]

அன்று சாயங்காலம் ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று அண்ணி ஒரு வாக்குக் கொடுத்தார்: "நீ திரும்பி வேலைக்கு வர்றப்ப அந்தக் கம்பி வேலை செய்யும்." சிரிப்பு வேலையை விட முடியாது, அவள் சம்பளத்தில்தான் அந்த வீடு ஓடுகிறது. கட்டுப் பிரித்ததும் அதே உருளை முன்னால்தான் வந்து நிற்க வேண்டும். ஆகவே இந்தக் கதையின் கேள்வி ஒன்றே ஒன்று. அவள் வருவதற்குள் கம்பி சரியாகுமா?

அண்ணி நேராக மேனேஜரிடம் போனார். அவரைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன், அலுத்துப்போனவர். "நீங்க கம்பி வேணும்ங்கறீங்க. வேன்காரங்க துணி நேரத்துக்கு வேணும்ங்கறாங்க. பாய்லர் ஆளுங்க எங்களை இழுக்காதீங்கங்கறாங்க. நான் யாரு பேச்சம்மா கேக்கறது? மூணு சங்கமும் ஒண்ணா உக்காந்து ஒரே முடிவோட வாங்க, அன்னிக்கே செஞ்சு தர்றேன்" என்றார். மூன்று சங்கமும் ஒன்றாக உட்காராது என்று தெரிந்தேதான் சொன்னார்.

4

ஏன் உட்காராது?

கோபதாபம் ஒன்றும் பெரிதாக இல்லை. இடம்தான் பிரச்சினை. பாய்லர்காரர் (பாய்லரையும் இயந்திரங்களையும் பழுது பார்க்கும் ஃபிட்டர்களின் தலைவர், தன் கை படாமல் ஆலையில் எதுவும் சரியாகாது என்பதை ஒரு நாளும் மறக்காதவர்) "பேசணும்னா பாய்லர் ரூமுக்கு வரட்டும்" என்பார். வேன் ஓட்டுநர்களின் தலைவர், "ஷெட்டுல பேசலாம், காத்து வரும்" என்பார். அண்ணியோ, "மடிப்புக் கூடத்துல இல்லாத இடமா, ஃபேன்கூட இருக்கு" என்பார். யார் எழுந்து அடுத்தவர் இடத்துக்குப் போகிறாரோ அவர் கூப்பிட்டதும் போனவர் ஆகிவிடுவார். கூப்பிட்டதும் போனவரின் சங்கம் ஒரு படி கீழே. நான் ஒரு பக்கம் எழுதிய பொதுவான ஊர், வட்ட மேசை எல்லாம் இந்த ஆலைக்குள்ளேயே இருந்திருக்கிறது. அதிகாரிகள்தான் இல்லை.

அந்த வேன் தலைவரைப் பற்றி எனக்கு ஆரம்பத்திலிருந்தே சந்தேகம். இன்னும் இருக்கிறது. முதல் வரைவில் அவரை இப்படி எழுதினேன்:

துணி நேரத்துக்குக் கிடைத்தால் போதும், எவள் விரல் போனால் எனக்கென்ன என்று நினைக்கும் அந்த மனிதர், மீசையை முறுக்கியபடி

"அவருக்கு மீசையே கிடையாது" என்றார் அண்ணி.

"கதைக்கு ஒரு வில்லன் வேணும் அண்ணி."

"வேணும்னா நீயே இருந்துக்கோ."

மீசையை எடுத்தேன். மீசை போனதும் வில்லத்தனமும் போய்விட்டது, பாக்கி இருந்தது ஒரு பழக்கம் மட்டும்தான். வேனின் பின்கதவைச் சாத்தியதும் கைப்பிடியை மூன்று முறை இழுத்துப் பார்ப்பார். ஒரு முறை, இரண்டு முறை, மூன்று முறை. அப்புறம்தான் வண்டியில் ஏறுவார். மெதுவாக ஓட்டுவார், மெதுவாகப் பேசுவார். ஆலையில் அவருக்கு 'நிதானம்' என்று பேர்.

இந்தக் கைப்பிடியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். (நினைவில் வைத்துக்கொள்ளச் சொல்வது எழுத்தாளருக்கு அழகில்லை என்பார்கள். மறந்துவிட்டு என்னைத் திட்டுவீர்களே, அது மட்டும் அழகா?)

5

வாரம் ஒரு முறை உருளை வரிசை முழுவதையும் நிறுத்திச் சுத்தம் செய்வார்கள். துணி கொடுக்கும் முனை மடிப்புப் பிரிவுக்கு. உருளையும் ஆவிக் குழாயும் பாய்லர் ஆட்களுக்கு. காய்ந்த துணியை வேன் வரைக்கும் நகர்த்திக்கொண்டு போகும் ஓடுபட்டை ஓட்டுநர்களுக்கு. உள்ளே ஆள் குனிந்திருக்கும்போது யாராவது தெரியாமல் சுவிட்சைப் போட்டுவிட்டால்? அதற்காகச் சுவரிலிருக்கும் மெயின் சுவிட்சை அணைத்து, அதில் ஒரு இரும்புக் கொக்கியை மாட்டுவார்கள். கொக்கியில் வரிசையாகத் துளைகள். ஒவ்வொரு பிரிவும் ஒரு துளையில் தன் பூட்டைப் போடும். தன் ஆட்கள் எல்லோரும் வெளியே வந்ததும் தன் பூட்டைத் திறந்து எடுத்துக்கொள்ளும். கடைசிப் பூட்டு கழலும் வரை உருளை ஓடாது. சாவியை அடுத்தவர் கையில் கொடுக்கக் கூடாது, அடுத்தவர் பூட்டைத் தொடக் கூடாது. அந்த ஆலையில் யாரும் மீறாத விதி என்றால் இதுதான்.

பூட்டை யார் போடுவது என்று விதியில் இல்லை. பழக்கத்தில் சங்கத் தலைவர்தான் போடுவார். சங்கத் தேர்தலில் தோற்றவர் ஜெயித்தவரிடம் பூட்டைக் கொடுத்துவிட்டுப் போவார். அண்ணியின் பூட்டு சிவப்பு, பாய்லர்காரருடையது பச்சை, நிதானத்துடையது மஞ்சள். ஆக, வாரம் ஒரு முறை மூன்று தலைவர்களும் அந்தச் சுவர் முன்னால் வந்து, ஒருவரை ஒருவர் பார்க்காமல், பூட்டைப் போட்டுவிட்டுப் போவார்கள். ஆலையில் யாருக்கும் சொந்தமில்லாத இடம் அந்தச் சுவர் மட்டும்தான். அண்ணி இதைச் சொன்னபோது நான் எழுதுவதை நிறுத்திவிட்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் ஒரு போர்வையின் மூலைகளைச் சேர்ப்பதில் மும்முரமாக இருந்தார்.

சிரிப்பு வேலைக்குத் திரும்ப இன்னும் ஒரே ஒரு நாள்தான் பாக்கி. அன்று சுத்தம் முடிந்தது. பாய்லர்காரர் தன் பூட்டை எடுக்க வந்தார். மஞ்சள் பூட்டு கொக்கியில் அப்படியே தொங்கியது. எட்டிப் பார்த்தால் ஷெட்டில் நிதானத்தின் வேன் இல்லை. போய்விட்டது.

(இனி வருவதைப் பாய்லர்காரரே பிற்பாடு அண்ணியிடம் சொன்னாராம். அதனால் அவர் மனதுக்குள் தைரியமாகப் போகிறேன்.) வேறு யாராக இருந்தாலும் மறந்துவிட்டான் என்று சொல்லலாம். கைப்பிடியை மூன்று முறை இழுக்கிறவன் பூட்டை மறப்பானா? அப்படியானால் வேண்டுமென்றேதான் விட்டிருக்கிறான். கம்பிக்காக வேலையை நிறுத்திவிட்டான். துணி தாமதமானால் திட்டு வாங்குகிற வேன்காரனே நிறுத்திவிட்டான். கம்பியைச் சரிசெய்ய வேண்டிய நான் மட்டும் என் பூட்டைக் கழற்றிக்கொண்டு போனால் நாளைக்கு எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு உள்ளே வருவேன்? கையில் எடுத்த சாவியைத் திரும்பப் பைக்குள் போட்டுக்கொண்டு பாய்லர்காரர் தன் அறைக்குப் போய்விட்டார்.

கடைசியாக அண்ணி வந்தார். மஞ்சளும் பச்சையும் தொங்கின.

"ரெண்டு பேரும் என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாமக் கூடிட்டாங்கன்னு எனக்கு முதல்ல கோவம்தான் பாப்பா வந்துச்சு. எங்க பிரிவுப் பிரச்சினை, நானில்ல ஆரம்பிச்சிருக்கணும்?"

"அப்புறம்?"

"அப்புறம் அழுகை வந்துச்சு. சுவத்தப் பாத்து நின்னுக்கிட்டேன், யாரும் பாக்கல."

சிவப்புப் பூட்டையும் அவர் திறக்கவில்லை. உருளை நின்றது. அவசரமான அறுவை அறைத் துணிகளை மட்டும் பின்பக்கமிருந்த பழைய சின்ன உருளையில் போட்டு அனுப்பினார்கள். அதன் கம்பியை யாரும் கட்டிவைக்கவில்லை.

6

மத்தியானம் நிதானம் வேனைக் கொண்டுவந்து நிறுத்தி, இறங்கி, கைப்பிடியை இழுத்துப் பார்த்துவிட்டு உள்ளே வந்தார். மூன்று தலைவர்களையும் மேனேஜர் கூப்பிடுகிறார் என்று வாசலிலேயே சொன்னார்கள்.

மேனேஜர் அறையில் வந்தவர் உட்கார இரண்டு நாற்காலிகள்தான். பாய்லர்காரர் ஒன்றில் உட்கார்ந்துவிட்டார். அண்ணி இன்னொன்றின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். நிதானம் வந்தார், பார்த்தார், வெளியே போனார். போய்விட்டாரோ என்று அண்ணி நினைத்தாராம். திரும்பி வந்தவர் கையில் வராந்தாவில் கிடந்த ஒரு நாற்காலி இருந்தது. "கொஞ்சம் நகருங்க" என்று சொல்லி, இரண்டு நாற்காலிக்கும் நடுவில் அதைப் போட்டு உட்கார்ந்தார். அண்ணியும் உட்கார்ந்தார். மூன்று பேரும் ஒரே பக்கம். எதிர்ப்பக்கம் மேனேஜர் மட்டும்.

"யாரு ஆரம்பிச்சது?" என்று கேட்டார் மேனேஜர்.

பாய்லர்காரர் நிதானத்தைப் பார்த்தார். அண்ணியும் பார்த்தார். நிதானத்தின் கை சட்டைப் பைக்குள் இருந்தது. உள்ளே சாவி அசையும் சத்தம் கேட்டது என்கிறார் அண்ணி.

"கம்பிய முதல்ல சரி பண்ணுவோம் சார்" என்றார் நிதானம், அவருடைய மெதுவான குரலில். "யாரு ஆரம்பிச்சதுன்னு அப்புறம் பேசிக்கலாம்."

"அப்போ மூணு பேரும் பேசி வச்சுத்தான் பூட்டியிருக்கீங்க?"

"ஆமா சார்" என்றார் அண்ணி.

"ஆமா" என்றார் பாய்லர்காரர்.

நிதானம் சட்டைப் பையிலிருந்து கையை எடுத்தார். "இவ்வளவு பெரிய காரியத்தைப் பேசாமயா சார் செய்வோம்?"

பேசிவைத்ததாகச் சொல்லிவிட்டார்கள் அல்லவா, இனி பேசியாக வேண்டும். கம்பி ஏன் சும்மா சும்மா உருளையை நிறுத்துகிறது என்று மேனேஜர் கேட்டது நியாயமான கேள்விதான். ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது, மாற்றினால் போர்வை உரசினால் உருளை நிற்காது, கை அழுத்தினால்தான் நிற்கும் என்றார் பாய்லர்காரர்.

"இத ஏன்ணே அன்னிக்கே சொல்லல?" என்று அண்ணி கேட்டார்.

"நீ ரூமுக்கு வந்து கேட்டியாம்மா?"

"உங்க ரூமுக்கு வந்தா நான் இறங்கி வந்தேன்னு சொல்லுவீங்க."

"சொல்லியிருப்பேன்தான்" என்று பாய்லர்காரர் ஒத்துக்கொண்டார்.

கனமான போர்வைகளை ஆஸ்பத்திரியிலேயே பிரித்துத் தனி வண்டியில் போட்டுக்கொண்டு வருகிறோம், எல்லாம் கலந்து வருவதால்தான் சிக்கல் என்றார் நிதானம். ஓட்டுநர்களுக்கு அது கூடுதல் வேலை. அவசரத்தில் இரண்டிரண்டு விரிப்பாகச் சேர்த்துக் கொடுப்பதை நாங்கள் நிறுத்துகிறோம் என்றார் அண்ணி. மடிப்புப் பிரிவுக்கு அது கூடுதல் நேரம். ஆளுக்கொன்றை மேசையில் வைத்ததும் மேனேஜருக்கு மறுத்துப் பேச ஒன்றும் இருக்கவில்லை.

"மேலிடத்துக்கு நான் என்னன்னு சொல்றது? வேலைநிறுத்தம்னா?" என்று மட்டும் கேட்டார். குரலில் உண்மையான கவலை.

"எதுக்கு சார் வேலைநிறுத்தம்?" என்றார் பாய்லர்காரர். "பழுது பாக்கறப்ப பூட்டு இருக்கத்தானே வேணும். அதுதானே விதி."

கூட்டறிக்கை அந்த ஒரு வரிதான். பெரிய மாநாடுகளில் இதற்கென்றே ஆட்கள் ராப்பகலாக உட்காருவார்கள்.*

* ஆசிரியர் கேட்ட கட்டுரையில் இந்த இடத்தில் கைகுலுக்கும் படம் வந்திருக்கும். யாரும் கை குலுக்கவில்லை. நிதானம் நாற்காலியைக் கொண்டுபோய் வராந்தாவில் எடுத்த இடத்திலேயே வைத்தார்.

7

இப்போது முடிவு. மூன்று எழுதியிருக்கிறேன்.

முடிவு ஒன்று. நிதானம் மறந்துவிட்டார். அன்று காலையிலிருந்து ஆஸ்பத்திரிக்காரர்கள் விரிப்பு இல்லை என்று போன் மேல் போன் போட்டார்கள். அவசரத்தில் கிளம்பியவர், பாதி வழியில் சிக்னலில் நிற்கும்போது பையில் சாவி குத்தியதும்தான் திடுக்கிட்டார். சரி, திரும்பிப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தார். திரும்பி வந்தால் புரட்சியே நடந்து முடிந்திருந்தது.

முடிவு இரண்டு. நிதானம் மறக்கவில்லை. இரண்டு பேரையும் அவருக்கு நன்றாகத் தெரியும். வாயைத் திறந்து கூப்பிட்டால், எங்கே கூடுவது என்ற பழைய சண்டைதான் வரும். பூட்டு யாரையும் எங்கேயும் கூப்பிடாது. பார்க்கிறவர் பார்த்து முடிவு செய்துகொள்ளட்டும் என்று தொங்கவிட்டுப் போனார்.

முடிவு மூன்று. மூன்று தலைவர்களும் கண்கலங்கி ஒருவரை ஒருவர் தழுவிக்கொள்ள, ஆலையே கைதட்டி

இது ஆசிரியருக்காக எழுதியது. மனசு வரவில்லை, விட்டுவிட்டேன்.

முதல் இரண்டில் எது என்று அண்ணியைக் கேட்டேன். அவர் கடைசித் துண்டை மடித்து அடுக்கின் மேல் வைத்தார்.

"தெரியல பாப்பா. சிரிப்ப அன்னிக்கு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனதே அவருதான். அது வேணா தெரியும்."

"யாரு, நிதானமா?"

"அவரு வேன்லதான். ஏத்தியிருந்த துணிய எல்லாம் தரையில இறக்கிப் போட்டுட்டு அவளப் படுக்க வச்சாரு. நான் பின்னாடி உக்காந்து அவ கையப் பிடிச்சிருந்தேன். அன்னிக்கு அவரு நிதானமா ஓட்டல. பின்கதவு சரியா மூடியிருக்கான்னுகூடப் பாக்கல. வழியெல்லாம் ஆடிக்கிட்டே வந்துச்சு."

பேனாவைக் கீழே வைத்தேன். எனக்கு நிஜமாகவே கோபம் வந்தது. "இத முதல்லயே சொல்றதுக்கு என்ன அண்ணி?"

"நீ அவருக்கு மீசை வச்சு வில்லனாக்கிட்டு இருந்தியா, எவ்வளவு தூரம் போறேன்னு பாத்துக்கிட்டு இருந்தேன்."

நாலாம் பகுதியைத் திருத்தி எழுத வேண்டும். எழுதப்போவதில்லை. நான் அவரைச் சந்தேகப்பட்டது அப்படியே இருக்கட்டும். நீங்களும்தானே சந்தேகப்பட்டீர்கள்.

8

சிரிப்பு திரும்பி வந்த காலை. புது ஸ்பிரிங் போட்டாகிவிட்டது. கட்டியிருந்த துணிப்பட்டையைப் பாய்லர்காரரே கத்தரித்து எறிந்திருந்தார். பூட்டுகள் மூன்றும் இன்னும் கொக்கியில் இருந்தன. அவள் வந்த பிறகுதான் திறப்பது என்று மூன்று பேரும் முடிவு செய்திருந்தார்கள், இந்தத் தடவை நிஜமாகவே பேசி.

அண்ணி சிவப்பைத் திறந்தார். பாய்லர்காரர் பச்சையைத் திறந்தார். நிதானம் கடைசியாக மஞ்சளைத் திறந்து எடுத்துக்கொண்டார். பாய்லர்காரர் சுவிட்சைப் போட்டார். உருளை மெல்லச் சுற்றிச் சூடேறியது. மூன்று பிரிவு ஆட்களும் வேலையை விட்டுவிட்டு வந்து சுற்றி நின்றார்கள். மேனேஜர் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் நின்றார்.

சிரிப்பு உருளை முன்னால் போய் நின்றாள். முழங்கையால் தொட்டுப் பார் என்று அண்ணி சொன்னார். அவள் கேட்கவில்லை. கையுறை போட்டிருந்த அதே வலது கையை நீட்டி, கம்பியை அழுத்தினாள்.

உருளை நின்றது.

"சிரிச்சாளா?" என்று கேட்டேன்.

"இல்ல. மறுபடி ஓடவிடச் சொன்னா. இன்னொரு வாட்டி அழுத்தினா, நின்னுச்சு. மூணாவது வாட்டி நின்னப்பதான் சிரிச்சா." அண்ணி முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நிதானம் கதவு இழுக்கற மாதிரியே மூணு வாட்டி."

இப்போதும் அந்த மூன்று தலைவர்களும் கூடுகிறார்கள். வாராவாரம் சுத்தம் செய்யும் நாளில், பூட்டுப் போட்ட கையோடு, அந்தச் சுவர் ஓரமாகவே. நின்றுகொண்டுதான் பேசுவார்களாம். "நாற்காலி போட்டா யாரு எங்க உக்கார்றதுன்னு வந்துரும்" என்கிறார் அண்ணி. பேச்சு எப்போதும் சுமுகமாக இருப்பதில்லை. போன வாரம் ஓடுபட்டையைப் பற்றிப் பெரிய வாக்குவாதமாம். ஆனால் அடுத்த வாரமும் பூட்டுப் போட வந்தாக வேண்டுமே, அதனால் யாரும் ரொம்ப தூரம் கோபித்துக்கொண்டு போக முடியாது.

எனக்கு ஒரு முடிவு வேண்டியிருந்தது. "நானே போய் நிதானத்தக் கேட்டுடவா அண்ணி? மறந்தீங்களா, விட்டுட்டுப் போனீங்களான்னு?"

அண்ணி வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டிருந்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார், பள்ளிக்கூடம் போகும் பாப்பாவைப் பார்க்கிற பார்வை.

"கேக்காதே."

"ஏன்?"

"கேட்டா அவரு உண்மையச் சொல்லிடுவாரு."

ஆகவே நான் கேட்கவில்லை. நீங்கள் இருக்கும் ஊரிலும் ஆஸ்பத்திரி வாசலில் ஒரு சலவை வேன் வந்து நிற்கும். இறக்கவேண்டியதை இறக்கிவிட்டு, கதவைச் சாத்தி, ஒருவர் கைப்பிடியை மூன்று முறை இழுத்துப் பார்ப்பார். மூன்றாவது இழுப்புக்கும் அவர் வண்டியில் ஏறுவதற்கும் நடுவில் ஒரு கேள்வி கேட்கும் அளவுக்கு நேரம் இருக்கும். கேட்பதா, வேண்டாமா என்பது இனி உங்கள் பாடு.